நாலரை பஸ்ஸும் புரட்டாசிப் பாத்திரமும்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வார்சிட்டிக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். ஆனால் அங்கே படுத்துத் தூங்கிய முதல் ஆள் என் மகள்தான். மாமனார் படகில் போய்வந்தார். வீட்டுக்காரர் பஸ்ஸில் போய்வந்தார். இவள் போனாள், அங்கேயே இருந்துகொண்டாள்.

பதற ஒன்றுமில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் ஃபார்மசி படிக்கிறாள். ஜூலை லீவுக்குப் பிறகு ஒரு பெண் ரெஸ்ஸைக் காலி செய்ய, அந்தக் கட்டில் இவளுக்குக் கிடைத்தது. (டர்பனில் ஹாஸ்டல் என்று யாரும் சொல்வதில்லை, ரெஸ்தான்.) டர்பனிலேயே இந்தியர்கள் அதிகம் இருக்கிற சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டிலிருந்து அந்த வளாகம் காரில் அரை மணி நேரம். "பக்கத்துல வீட்ட வச்சுக்கிட்டு எதுக்கு ரெஸ்?" என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் விசாரணைக் கமிஷனே நடந்தது. "வீட்டுல ஏதும் சண்டையாம்மா?" என்று ஒரு பெரியம்மா தனியாகப் போன் போட்டு வேறு கேட்டார்.

நான் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் மூன்று வருஷம் கோதுமை உப்புமா தின்றவள். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் வார்டனம்மாவுக்குப் பயந்து வாழ்ந்தவள். இன்றைக்கும் ராத்திரி பதினொரு மணிக்கு நான் கூப்பிட்டால் எடுக்கிற தோழிகள் எல்லாரும் அந்தக் கேட்டுக்கு உள்ளே கிடைத்தவர்கள்தான். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகம்கூட மறந்துபோச்சு. ஆகவே எங்கள் வீட்டில் "போகட்டும்" என்று முதலில் சொன்ன ஆள் நான்.

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ரெஸ்ஸைப் பற்றிக் கவலையே இல்லை. பிரச்சினை ஹூடியில் வந்தது.

முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது ரெஸ் பெயரைப் பெரிதாக அச்சடித்த கறுப்பு ஹூடி போட்டுக்கொண்டு வந்தாள். தாத்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "இன்னாத்துக்கும்மா காலேஜ் பேர நெஞ்சுல எழுதிக்கினு சுத்தறே? அவங்களா உனக்கு சோறு போடறாங்க?" என்றார். "வைப், தாத்தா," என்றாள் இவள். அவருக்கு அது புரியவில்லை. அவருக்கு ஏன் புரியவில்லை என்பது இவளுக்குப் புரியவில்லை.

மாமனார் படித்த கதை இது. டர்பனில் இந்தியர்களுக்குப் பல்கலைக்கழக வகுப்பு என்பது முதலில் இரவல் வாங்கிய பள்ளிக்கூட அறையில்தான் நடந்தது. 1936இல் மேபல் பாமர் என்ற அம்மையார், வெள்ளையர் அல்லாதவர்களுக்காக நட்டால் பல்கலைக்கழகக் கல்லூரியின் வகுப்புகளைத் தொடங்கினார். வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மணியடித்த பிறகும் வாரக் கடைசியிலும் சாஸ்திரி கல்லூரி என்ற பள்ளிக்கூடத்துக்கு வந்து படிப்பார்கள். சாஸ்திரி யார் என்றால் நம்ம வலங்கைமான் சீனிவாச சாஸ்திரிதான். 1927இல் இந்தியாவின் பிரதிநிதியாக இங்கே வந்தவர். படித்து முடித்துப் பையை எடுத்துக்கொண்டு இருட்டில் வீட்டுக்குப் போக வேண்டியது. பல்கலைக்கழகம் என்றால் அவர்களுக்கு அவ்வளவுதான்.

அப்புறம் 1959இல் நிறவெறி அரசு சட்டம் போட்டுப் பல்கலைக்கழகங்களை இனவாரியாகப் பிரித்தது. இந்தியர்களுக்கென்று 1961இல் டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரி. கடற்படை கைவிட்ட பழைய பாசறைக் கட்டடங்கள். மாமனார் குடும்பம் அப்போது கேட்டோ மேனரில் இருந்தது. அங்கிருந்து டவுனுக்கு பஸ், டவுனிலிருந்து தீவுக்குப் படகு. கழுத்தில் டை கட்டியே ஆகவேண்டும். டீசல் வாடையும் உப்புக்காற்றுமாக டை கட்டிக்கொண்டு படகில் நிற்கிற பையன்களை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

அதை 'புஷ் காலேஜ்', காட்டுக் கல்லூரி என்று நக்கலாகச் சொல்வார்கள். அங்கே போவதே கேவலம் என்று நினைத்தவர்கள் நிறைய. நிறவெறியை எதிர்த்த இங்கத்திய காங்கிரஸ் இயக்கம் அந்த மாதிரி நிறுவனங்களை ஒதுக்கச் சொன்னது. அதனால் அறுபதுகள் முழுக்க மாணவர் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. வேறு வழியில்லாமல் போனவர்களும் ஒரு வைராக்கியத்தோடுதான் போனார்கள். "பாடம் படிக்கலாம், பரீட்சை எழுதலாம். ஆனா அவன் நடத்தற ஃபங்ஷனுக்குப் போவக்கூடாது, போட்டோவுல நிக்கக்கூடாதுன்னு நாங்களே பேசி வச்சிக்கினோம்," என்பார் மாமனார். கல்லூரியில் எடுத்த படம் ஒன்றுகூட அவரிடம் கிடையாது. அதைச் சொல்லும்போது குரலில் வருத்தமே இருக்காது, பெருமை இருக்கும். கல்லூரியின் மேல் பற்றில்லாமல் இருந்ததுதான் அவர் காலத்து மாணவர் ஒற்றுமை. அந்த மனுஷரிடம் போய் ஹூடியைக் காட்டினால்?

1971இல் அது டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது. அடுத்த வருஷம் தீவிலிருந்து வெஸ்ட்வில் மலைமேல் ஏறியது. அதற்குள் கேட்டோ மேனரைக் காலிசெய்து எங்கள் ஆட்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியாகிவிட்டது. வீட்டுக்காரர் எண்பதுகளின் கடைசியில் அங்கே பி.காம். படித்தார். வரைபடத்தில் பார்த்தால் சாட்ஸ்வர்த்தும் வெஸ்ட்வில்லும் ரொம்பத் தூரமில்லை. அவருக்கு மட்டும் காலையில் டவுனுக்கு ஒரு பஸ், டவுனில் இறங்கி ஓடிப்போய் இன்னொரு பஸ். இருப்பிடங்களைத் தனித்தனியாக வெட்டி வைத்த ஊரில் ரோடுகள் எல்லாம் டவுனில் போய் வேலை பார்ப்பதற்காகப் போட்டவை. ஒரு இந்திய டவுன்ஷிப்பிலிருந்து பக்கத்து மலையில் இருக்கிற கல்லூரிக்கு நேராகப் போக யார் பஸ் விடுவார்கள்?

அவர் காலத்தில் நெருக்கடி நிலை. 1986 ஜூனில் நாடு முழுக்க அறிவித்துவிட்டார்கள். வளாகத்தில் போலீஸ் வருவதும் கண்ணீர்ப்புகை போடுவதும் சாதாரணம். கூட்டம், கோஷம், பாட்டு எல்லாம் உண்டு. ஆனால் எல்லாமே மதிய இடைவேளையில். ஏன் என்று கேட்டேன். "நாலரை பஸ்ஸ விட்டா டவுன்ல கனெக்ஷன் கிடைக்காது. புரட்சியா இருந்தாலும் நாலரைக்கு முன்னாடி முடிஞ்சாகணும்," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அது பஸ்ஸில் போய்வருகிற பல்கலைக்கழகத்தின் முழு இலக்கணம். நாடகக்குழு வைத்தால் ஒத்திகைக்கு ஆள் நிற்காது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்க்க ஆள் இருக்காது. அவருடைய நெருங்கிய நண்பர்கள் யார் தெரியுமா? எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். வகுப்பை விடப் பின் சீட்டில்தான் அவருக்குச் சிநேகிதம் அதிகம். ரெஸ் அப்போதும் கொஞ்சம் இருந்தது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா மாதிரி தூரத்திலிருந்து வந்தவர்கள் தங்குவார்கள். "சாயங்காலம் நாங்க பஸ் ஏறும்போது அவனுங்க படியில உக்காந்து எங்களப் பாத்துக்கிட்டு இருப்பானுங்க. பாவம்னு நெனப்போம். அவனுங்களும் எங்களப் பாத்து அதேதான் நெனச்சிருப்பானுங்க போல," என்பார்.

இதே டர்பனில் இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. வெண்ட்வர்த்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில் ஆலன் டெய்லர் ரெஸிடென்ஸ் என்று ஒன்று. நட்டால் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மருத்துவ மாணவர்களை அங்கே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதுவும் பழைய ராணுவக் கொட்டகைதான், ஆலைப்புகை வேறு. பின்னாளில் கறுப்பு உணர்வு இயக்கத்தின் தலைவரான ஸ்டீவ் பீகோ 1966இல் படிக்க வந்து அங்கேதான் தங்கினார். மூன்று வருஷத்துக்குள் அவரும் தோழர்களும் சேர்ந்து சாசோ என்ற மாணவர் அமைப்பைத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சில் பெரும்பங்கு அந்தக் கொட்டகையின் ராத்திரிகளில் நடந்தது. ஒதுக்குவதற்காகக் கட்டிய இடத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேச முடிந்தது. அவர்களுக்கு நாலரை பஸ் கிடையாது. கறுப்பு உணர்வு இயக்கம் ஒரு ரெஸ்ஸில்தான் முளைத்தது என்று நான் சொன்னால் வரலாறு படித்தவர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

வெஸ்ட்வில் ரெஸ் வளாகமாக மாறியதற்கு யாரும் உட்கார்ந்து 'கல்லூரிப் பற்றை வளர்ப்போம்' என்று திட்டம் போடவில்லை. 1984இல் எல்லா இனத்தாருக்கும் கதவு திறந்தது. நோங்கோமா, உலுண்டி, ஈஸ்டர்ன் கேப் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்தார்கள். நோங்கோமாவுக்கு நாலரை பஸ் ஏறி வீட்டுக்குப் போய்க் காலையில் திரும்ப முடியுமா? தங்கித்தான் ஆகவேண்டும். 2004இல் நட்டால் பல்கலைக்கழகமும் இதுவும் ஒன்றாகிக் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது. பிறகு 2015இல் கட்டண எதிர்ப்புப் போராட்டம். 2017 டிசம்பரில், வருமானம் மூன்றரை லட்சம் ராண்டுக்குக் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி என்று அறிவிப்பு. என்ஸ்ஃபாஸ் என்ற அரசு உதவித்தொகையில் படிப்போடு தங்குமிடத்துக்கும் பணம் வந்தது. அந்தப் பணத்தில் எவ்வளவு தாமதம், எவ்வளவு குளறுபடி என்பது வேறு புராணம். ஆனால் ரெஸ்ஸில் படுக்க வழியே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் படுக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலும் வளாகத்தில் சோறு பொங்கும் வாசனை.

சோறு என்றதும் புரட்டாசி ஞாபகம் வருகிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

இங்கே தமிழ் வீடுகளில் பொங்கலை மறந்தாலும் மறப்பார்கள், புரட்டாசியை மறக்க மாட்டார்கள். ஒரு மாசம் கவிச்சி கிடையாது. சனிக்கிழமை கோவிந்தா பூஜை. கவிச்சி சமைத்த பாத்திரம்கூட ஆகாது. மகள் இருக்கும் தளத்தில் பத்துப் பதினைந்து பெண்களுக்கு ஒரு சமையலறை. ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் ஆட்டுக்குடல் வெந்துகொண்டிருக்கும். "ஒரு மாசம் வீட்டுக்கு வந்துடேன்," என்றேன். "இல்லம்மா, நான் பேசிக்கிறேன்," என்றாள்.

என்ன பேசினாளோ தெரியவில்லை. நான் புது எவர்சில்வர் பாத்திரமும் கரண்டியும் கொண்டுபோன அன்றைக்குச் சமையலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இடது பக்கக் கடைசி அடுப்பு, மேல் அலமாரியின் வலது மூலை, இரண்டும் அக்டோபர் பாதிவரை கறி தொடக்கூடாத இடம் என்று எழுதி, கீழே ஒரு ஆட்டின் படம் போட்டு அதன்மேல் குறுக்கே கோடு. எழுத்து என் மகளுடையது இல்லை. எதிர் அறைப் பெண்ணுடையது. அந்தப் பெண் நோங்கோமா பக்கம். ஷெம்பே என்ற சுலு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள். அவர்களுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை. வெள்ளை உடுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தொழுவார்கள், பன்றிக்கறி தொடமாட்டார்கள். "உங்க கடவுளுக்கும் சனிக்கிழமையா?" என்று இவளைக் கேட்டிருக்கிறாள். ஆமாம் என்றதும் அவளாகவே தாளும் பேனாவும் எடுத்துவிட்டாளாம். விலக்கு, தீட்டு, விரதம் எல்லாம் அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மார்க்கெட்டிங் படிக்கும் சாட்ஸ்வர்த் பையன்களுக்குத்தான் நான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வருஷா வருஷம் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

நான் நின்ற நேரத்தில் இன்னொரு பெண் மூடிபோட்ட சட்டியில் ஜேக்கே அவித்துக்கொண்டிருந்தாள். ஆவியில் வேகவைக்கிற சுலு ரொட்டி, தலையணை மாதிரி மெத்தென்று இருக்கும். மகள் புதுப் பாத்திரத்தில் காட்ரா பீன்ஸ் கறி வைத்தாள். கறிவேப்பிலையும் பெருஞ்சீரகமும் வெடித்ததும் யாரோ வந்து தும்மிக்கொண்டே ஜன்னலைத் திறந்தார்கள். உடனே மூன்று பேர் கத்தி மூடவைத்தார்கள், குரங்கு வந்துவிடுமாம். வெஸ்ட்வில் குரங்குகளுக்கு யார் எந்தத் துறை என்பதுகூடத் தெரியும். பிறகு கவுண்டரைச் சுற்றி நின்றபடியே ஜேக்கேயைப் பிய்த்துக் கறியில் தோய்த்துத் தின்றார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், பீன்ஸ் கறிக்கு ரொட்டியை விட அதுதான் பொருத்தம். கறி கொஞ்சம் உப்பு கம்மி.

வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு ஒரு தடவை ரெஸ்களுக்குள் நடந்த கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனோம். பல்கலைக்கழக அணிக்கு இம்பி என்று பெயர், அந்த ஆட்டங்களுக்குத் தனிக் கூட்டம். இது அந்த அளவுக்கு இல்லை. மைதானமும் சுமார், ஆட்டமும் சுமார். பந்தைப் பார்த்தவர்களை விடப் பாடியவர்கள்தான் அதிகம். குவிஜோ என்பார்கள். ஒருத்தி முதலடி எடுப்பாள், மற்றவர்கள் அடித்தொண்டையில் திருப்பிப் பாடுவார்கள், கால் தானாகத் தரையை மிதிக்கும். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், மூன்றாவது பாட்டில் வாயசைக்க ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். "மெட்டு எங்களோடது. மதியக் கூட்டத்துல பாடினது. இதுங்க வார்த்தைய மாத்திடுச்சுங்க," என்றார். என்ன பாடுகிறார்கள் என்று மகளைக் கேட்டோம். எதிர் ரெஸ்காரர்களின் வாஷிங் மெஷினைப் பற்றியாம். ஒரு நிமிஷம் முகம் சுண்டிப்போச்சு மனுஷருக்கு. அப்புறம் அவரும் வாஷிங் மெஷினைத் திட்டிப் பாடினார்.

இதிலெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பார்த்தால் என் மகளும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பிள்ளைகள் இன்றைக்கும் வகுப்பு முடிந்ததும் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நாலரை பஸ் போய் நாலு மணிக் கார் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் இந்தியர்களுக்கென்றே கட்டிய வளாகத்தில் இந்தியப் பிள்ளைகள்தான் விருந்தாளி மாதிரி வந்துபோகிறார்கள். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. கட்டில்கள் குறைவு. ஊரிலிருந்து வருகிற பிள்ளைக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் போய்வருகிறவர்களுக்கு ஒரு இடம் கொடுக்கக் கட்டில் எதற்கு? மக்காண்டாவில் இருக்கிற ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் வெளியே தங்கிப் படிப்பவர்களுக்கு ஆப்பிடன் என்று தனிப் பெயரே உண்டு. பிரிட்டோரியாவில் வீட்டிலிருந்து வருகிற மாணவர்களுக்கென்று டே ஹவுஸ் இருக்கிறது. ரெஸ்களோடு போட்டி போடும், பாடும். பையை வைக்க ஒரு பூட்டு அலமாரி, ஒரு அடுப்பு, சாய்ந்து உட்கார நாலு பழைய சோஃபா. இதற்குப் பெரிய கமிட்டி வேண்டாம்.

பாதி தடை வீட்டிலும் இருக்கிறது. ஐந்து மணி ஆனால் "எங்க இருக்கே, கிளம்பிட்டியா?" என்று போன் போடுகிற அம்மாக்கள் நாம்தானே. ராத்திரி ரோட்டைப் பற்றிய பயம் பொய்யில்லை, டர்பனில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டாம். ஆனால் பயத்தோடு பயமாக இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரோடு பழகும், எதைத் தின்னும், யாரைக் கூட்டிக்கொண்டு வரும் என்கிற கணக்கு. அதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கத் துணிச்சல் வேண்டும்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமைக்கு ரெஸ்ஸிலேயே படையல் சாப்பாடு போடுவதாக மகளும் எதிர் அறைப் பெண்ணும் முடிவு செய்துவிட்டார்கள். அவள் சனிக்கிழமை வேலை செய்யமாட்டாள் என்பதால் காய் நறுக்குவது எல்லாம் வெள்ளிக்கிழமையே. ஃபீனிக்ஸில் இருந்து தினமும் வந்துபோகிற இவள் வகுப்புத் தோழி ஒருத்தியையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் அம்மா எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, ராத்திரி ஒம்பது மணி ஆகுமாமே?"

"ஆகும். நான் அங்கதான் இருப்பேன். நானே கொண்டாந்து விடறேன்."

"யார் யார் இருப்பாங்க?"

எனக்குத் தெரிந்த பெயர்களை எல்லாம் சொன்னேன். பாதிப் பெயரில் சுலு உச்சரிப்பு தட்டுக்கெட்டுப் போனது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"சரி, நான் என்ன செஞ்சு குடுக்கட்டும்?"

"வடை," என்றேன். "நிறையச் செய்யுங்க. அங்க எல்லாம் நல்லா சாப்பிடுற பிள்ளைங்க. பாத்திரம் மட்டும் கவிச்சி படாததா பாத்துக்குங்க, கதவுலேயே எழுதி ஒட்டியிருக்காங்க."